கும்பகோணம் பக்கம் ஏஏ மீட்டிங் எங்கே நடக்கிறது? முதல் தடவை போவது எப்படி?

விளக்குப்பட்டறை
ஞாயிறு, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். நாச்சியார்கோவில் பக்கம் இருக்கிறேன். வயது 41. குத்துவிளக்குப் பட்டறையில் வேலை. பதினாறு வருடமாகக் குடிக்கிறேன், கடைசி ஐந்து வருடமாகத் தினமும். முன்பெல்லாம் ராத்திரி ஒரு குவாட்டரோடு நிற்கும். இப்போது காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அரம் பிடிக்க முடிகிறது. கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் காலைக்குத் தேவையானதை முதல் நாள் இரவே வாங்கி ஒளித்து வைக்கிறேன்.

போன மாதம் ஒரு விளக்கின் உச்சியில் வரும் அன்னத்துக்குக் கழுத்து இழைக்கும்போது கை தவறிவிட்டது. முதலாளி திட்டவில்லை. மறுநாளிலிருந்து அன்னம் வேலையை வேறு பையனிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நிறுத்த முயற்சி செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கோவிலில் கயிறு கட்டியிருக்கிறேன். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு சபரிமலைக்கு மாலை போட்டு அன்றைக்கே நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். சாமி குத்தம் என்று சொல்லி மாலையைக் கழற்ற வைத்தார்கள்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) மீட்டிங் பற்றி ஒருவர் சொன்னார். இணையத்தில் தேடி, ஒரு பழைய பட்டியலில் இருந்த பள்ளிக்கூட முகவரிக்கு நேற்றுப் போனேன். அங்கே அப்படி எதுவும் நடந்து ரொம்ப நாளாயிற்று என்றார் வாட்ச்மேன். திரும்பி வரும் வழியில் கடைக்குப் போய்விட்டேன்.

எங்கே நடக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? காசு எவ்வளவு? சர்ச்சில் நடக்கிறதாமே, மதம் மாறச் சொல்வார்களா என்று மாமியார் பயப்படுகிறார். தெரிந்தவர்கள் யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? குடித்திருந்தால் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதனால் நாளையிலிருந்து நிறுத்திவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

—

வார்டுசிஸ்டர்
ஞாயிறு, இரவு 11.58

மற்றவர்கள் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்களாக நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

மூன்று வருடம் முன்பு உங்களுக்கு வந்தது சாமி குத்தம் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், ஜுரம் அடிக்கும். அதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை ஆபத்து இன்னும் அதிகம்.

2020 மார்ச்சில் ஊரடங்குக்காகக் கடைகளை மூடினார்களே, அந்த வாரம் நான் டியூட்டியில் இருந்தேன். வரிசையாக வலிப்போடு கொண்டுவந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் குடிநோயாளி என்பதே தெரியாது.

நாளை காலை தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், முன்பு வலிப்பு வந்ததையும் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்க மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். ஒரு வாரம் போலப் படுக்கச் சொல்லலாம். மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

மீட்டிங் அப்புறம். உடம்பு முதலில்.

—

பதினொன்றாம்வருடம்
திங்கள், காலை 5.30

தம்பி, நான் ஒரு குடிநோயாளி. திருச்சியில் இருக்கிறேன். குடித்து 11 வருடம் 4 மாதம் ஆகிறது. சிஸ்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்றதை நான் சொல்கிறேன்.

பழைய முகவரிக்குப் போய் ஏமாந்து திரும்பியது உங்கள் தவறு இல்லை. ஏஏ குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூடம், சர்ச் ஹால், சமுதாயக் கூடம் என்று கிடைக்கும் இடத்தில் வாடகைக்கு நடத்துகிறோம். இடம் மாறும், கிழமை மாறும், பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் முகவரியைப் பார்த்துக் கிளம்பவே கிளம்பாதீர்கள். போன் நம்பரைப் பிடியுங்கள். ஏஏ இந்தியாவின் பொது அலுவலகம் மும்பையில் இருக்கிறது, அவர்கள் இணையதளத்திலிருந்து நம் பகுதித் தொடர்பைப் பிடிக்கலாம். மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். பல ஊர்களில் எங்கள் ஆட்கள் வார்டுக்கே வந்து பேசுவதுண்டு. போனில் மூன்று கேள்வி: இந்த வாரம் நடக்கிறதா, எத்தனை மணிக்கு, வாசலில் யாராவது நிற்பீர்களா. மூன்றாவதை மறக்காதீர்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கால் தானாக உள்ளே போகும்.

ஏஏ ஆரம்பித்ததே ஒரு போன் காலில்தான். 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குத் தரகர், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆனவர், வியாபார வேலையாக ஓஹியோவின் ஆக்ரன் ஊருக்குப் போகிறார். வேலை தோற்றுப்போகிறது. தங்கிய ஓட்டலில் ஒரு பக்கம் பார் சத்தம். இன்னொரு பக்கம் சர்ச்சுகளின் பெயர்ப் பட்டியலும் போனும். போனை எடுத்து, இந்த ஊரில் குடியோடு போராடுகிற இன்னொருவரிடம் நான் பேச வேண்டும் என்று கேட்கிறார். அப்படி ஆளிடமிருந்து ஆளாகப் போய்க் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று 1935 ஜூன் 10-ஐ ஏஏ பிறந்த நாளாக வைத்திருக்கிறோம். பில் அன்றைக்குத் தேடியது கூட்டத்தை இல்லை. ஓர் ஆளை.

இனி உங்கள் கேள்விகள். காசு கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், வாடகைக்கும் டீக்கும். புதிதாக வருபவரைப் போட வேண்டாம் என்றே சொல்வோம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. பதிவேடும் கையெழுத்தும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி.

மாமியாரிடம் சொல்லுங்கள், எங்கள் குழுவில் விபூதி வைத்தவர் உண்டு, தொப்பி போட்ட பாய் உண்டு, சாமியே இல்லை என்பவரும் உண்டு. குடியிலிருந்து மீள ஏஏ வழிகாட்டும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்று சேர்த்துத்தான் வரும். சர்ச் எங்களுக்கு ஹால் தருகிறது, அவ்வளவுதான்.

குடித்துவிட்டு வந்தாலும் வெளியே தள்ள மாட்டோம். அன்றைக்குப் பேச வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள் என்போம். நானே முதல் மூன்று மீட்டிங்கும் குடித்துவிட்டுத்தான் போனேன்.

என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் உங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொல்லி வைக்கிறேன்.

—

தேரடிவீதி
திங்கள், காலை 9.15

மீட்டிங் எல்லாம் பேச்சு. ஏதாவது மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் உள்ளே போட்டால்தான் சரியாகும். என் சித்தப்பாவை அப்படித்தான் செய்தோம்.

—

கரிசல்மண்
திங்கள், காலை 11.02

தேரடிவீதி, உங்கள் சித்தப்பா நலமாக இருந்தால் சந்தோஷம். என் அனுபவத்தையும் கேளுங்கள். 2016-ல் நள்ளிரவில் நான்கு பேர் வந்து என்னை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீட்டில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. 45 நாள். டாக்டரை இரண்டு தடவை பார்த்தேன். பேசினால் அடி. வெளியே வந்த அன்று சாயங்காலமே குடித்தேன், கோபத்தில். அப்பாவோடு பேச எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

நல்ல மையங்கள் இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் மருத்துவமனை அது. அங்கே மருத்துவம், கவுன்சலிங், குடும்பத்துக்குத் தனி வகுப்பு எல்லாம் உண்டு. அவர்கள் கிராமத்து முகாம்களும் நடத்தினார்கள். விளக்குப்பட்டறை, உங்களுக்குப் பக்கத்தில் குடவாசல் வழியில் இருக்கும் மஞ்சக்குடியில்தான் அந்த முகாம். ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அதில் குடியை விட்டவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம்.

மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும் அடிப்பதும் சிகிச்சை இல்லை, குற்றம்.

—

எண்ணிப்பார்
திங்கள், பகல் 1.30

‘எல்லாம் பேச்சு’ என்பதற்கு மட்டும் பதில். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏ-வில் சேர்ந்து தொடர்ந்து போகும்படி முறையாக வழிகாட்டும் சிகிச்சை, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் நல்ல பலன் தந்தது. குடியின் அளவு, பாதிப்பு போன்ற மற்றவற்றில் ஏறக்குறைய சமம். மருத்துவச் செலவும் குறைந்தது.

எல்லோருக்கும் ஒத்துவரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எனக்குக் கடவுள் பேச்சு ஒட்டவில்லை, குடிக்கும் ஆசையைக் குறைக்க மருத்துவர் தந்த நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் கவுன்சலிங்குமாக நின்றேன். ஆனால் வாரம் ஒரு தடவை இன்னும் மீட்டிங் போகிறேன். மாத்திரையிடம் பேச முடியாது.

—

அவர்வீட்டுக்காரி
திங்கள், இரவு 10.20

நான் வேறு ஊர். என் கணவரும் இப்படித்தான். மீட்டிங் என்று சொன்னாலே தட்டைத் தூக்கி எறிகிறார். ஒருவர் மாத்திரை வாங்கிக் கொடுத்தார், சாம்பாரில் கலந்துவிட்டால் குடித்ததும் வாந்தி வரும், தானாக விட்டுவிடுவார் என்று. கலக்கலாமா? விளக்குப்பட்டறை அண்ணே, உங்கள் கேள்விக்கு நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள்.

—

வார்டுசிஸ்டர்
திங்கள், இரவு 10.41

கலக்காதீர்கள் அம்மா. அது டைசல்ஃபிரமாக இருக்கலாம். அதை உடம்பில் வைத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயமே நிற்கும் அளவுக்குப் போகலாம். கடைசி மாத்திரை சாப்பிட்டு இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து இருக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துத் தர வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து உயிர் போன வீடுகள் உண்டு.

அவர் வராவிட்டால் பரவாயில்லை, நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. 1951-ல் பில்லின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் சேர்ந்து தொடங்கியது. அவரைத் திருத்துவது எப்படி என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது எப்படி, அவருக்காகப் பொய் சொல்லாமல் இருப்பது எப்படி என்று நீங்கள் பழகுவீர்கள். உங்கள் ஊரில் இல்லாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், மனநலத்துக்கான 14416-லும் பேசுங்கள். இரண்டும் இலவசம். அடி உதை இருந்தால் 181, பெண்களுக்கானது.

—

ஜன்னலோரம்
செவ்வாய், அதிகாலை 2.10

பெண்கள் வரலாமா? கணவருக்காகக் கேட்கவில்லை. குடிப்பவள் நான்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

—

பதினொன்றாம்வருடம்
செவ்வாய், காலை 5.35

வரலாம் அம்மா. தாராளமாக வரலாம். ஆனால் ஹாலில் பத்துப் பதினைந்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலோடு திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஆன்லைனில் வாருங்கள். கேமராவை மூடி வைக்கலாம், பெயரைக்கூட மாற்றி வைக்கலாம். எங்கள் பகுதியில் குடியை விட்டு ஆறு வருடம் கடந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன், பேசச் சம்மதித்தார். தனிச்செய்தி பாருங்கள். அதிகாலை 2 மணிக்கு இதை எழுதியிருக்கிறீர்கள், அந்த நேரம் எனக்குத் தெரியும்.

—

விளக்குப்பட்டறை
மறு வாரம் புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன், மனைவியும் வந்தாள். ஏழு நாள் படுக்கையில் இருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி நடுக்கம் அதிகம்தான், ஆனால் வலிப்பு வரவில்லை. மூன்று வருடம் முன்பு வந்தது ஏன் என்று டாக்டர் விளக்கியபோது என் மனைவி அழுதுவிட்டாள். இத்தனை நாளும், சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அவள் ஒவ்வொரு வெள்ளியும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை தஞ்சாவூரில் மீட்டிங். அண்ணன் கொடுத்த நம்பரில் பேசினேன். வாசலில் நிற்கிறேன் என்றார். எனக்கு இன்னும் பயம்தான். எங்கள் தெருக்காரர் ஒருவர் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறார்.

—

கரிசல்மண்
புதன், இரவு 10.15

அந்தத் தெருக்காரர் உங்களைக் கடைவாசலில் பார்த்ததே இல்லையா? நான் ரோட்டோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது, எனக்கு அப்போது வெட்கம் இல்லை. மீட்டிங் ஹால் படியேறும்போதுதான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே இருந்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் இருப்பார். போங்கள்.

—

விளக்குப்பட்டறை
வெள்ளி, காலை 6.20

போய்விட்டு வந்தேன். நேற்று ராத்திரி வீடு வர 10.30 ஆகிவிட்டது.

அவர் சொன்னபடியே வாசலில் நின்றார். அறுபது வயதிருக்கும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. பெயர் கேட்கவில்லை. “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றுதான் கேட்டார். உள்ளே ஒன்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய துணி. முதலில் ஒரு நிமிடம் மௌனம், பிறகு பிரார்த்தனை. மாற்ற முடியாததை ஏற்கும் மன அமைதி, மாற்றக்கூடியதை மாற்றும் தைரியம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியும் ஞானம் கேட்பது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கிப் பேசினார்கள்.

அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அவரவர் கதையைச் சொன்னார்கள். ஒருவர் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். காலைக்கு வேண்டும் என்று சரக்கை அரிசி டிரம்மில் புதைத்து வைப்பாராம். நானும் அரிசி டிரம்மில்தான் வைத்தேன். அதை உலகத்தில் நான் ஒருவன்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

என் முறை வந்ததும் பேச வேண்டியதில்லை என்றார்கள். எழுந்து நின்றேன். என் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். குடியை விட்டு ஒரு வருடம் ஆனவருக்கு அன்றைக்குப் பர்த்டே என்று கேக் வெட்டினார்கள், அவர் மகன் ஊட்டிவிட்டான்.

மாலை போட்ட அந்த இரண்டு நாள் நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எல்லோரும் சாமி என்றார்கள், சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து பஜனை பாடினோம். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் 48 நாள் முடிந்து மலையிறங்கியதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பலர் நேராகக் கடைக்கும் போவார்கள். இங்கே அடுத்த வியாழக்கிழமையும் இருக்கிறது.

தெருக்காரர் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். சேர்ந்து வந்திருக்கலாம்.

இப்போது ஒரு சிக்கல். வருகிற ஞாயிறு மச்சினன் கல்யாணம், மாயவரத்தில். சனிக்கிழமை ராத்திரியே மண்டபத்துக்குப் பின்னால் எல்லாம் ஓடும். நான் போகாவிட்டால் மனைவி முகத்தில் முழிக்க முடியாது.

—

பதினொன்றாம்வருடம்
வெள்ளி, காலை 6.45

சனிக்கிழமை ராத்திரி போகாதீர்கள் தம்பி. ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு நேராகப் போங்கள். மனைவியிடம் காரணத்தை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த மாத்திரையைச் சொல்லி, டாக்டர் கூடாது என்றுவிட்டார் என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். பந்தியில் முதல் வரிசை. பின்பக்கம் யாராவது கூப்பிட்டால் கால்கள் தானாகப் போகும், அந்த நொடியில் போனை எடுங்கள். அன்றைக்கு நாள் முழுக்க என் போன் சட்டைப் பையில் இருக்கும். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

—

ஜன்னலோரம்
வெள்ளி, இரவு 11.30

அண்ணன் சொன்ன அக்காவிடம் பேசினேன். இரண்டு மணி நேரம். நாளை ஆன்லைனில் அவரும் கூட இருக்கிறார்.

—

விளக்குப்பட்டறை
ஞாயிறு, பகல் 2.15

மண்டபத்தில் இருந்தேன். தாலி கட்டும்வரை மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பந்தி முடிந்து கை கழுவப் போனபோது சகலை தோளில் கை போட்டு, வா ஒரே ஒரு ரவுண்டு என்றார். டாக்டர் பதிலைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது என்றார். வாசனை வந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தபடியே அண்ணனுக்குப் போன் செய்தேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை, கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது சகலை போய்விட்டிருந்தார்.

இப்போது கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மனைவியும் மகளும் கூட வந்துவிட்டார்கள். இன்றைக்கு 13-வது நாள்.